போர்மரபினக் கோட்பாடும் சென்னைப் படையின் சுருக்கமும் (1857 – 1947)

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானிய இந்தியாவின் காலாட்படையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சென்னை மாகாணம் வழங்கியது. 1930ஆம் ஆண்டளவில் அப்பங்கு நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே சென்றது. தென்னாட்டவரிடம் போர்க்குணம் குன்றியதே இதற்குக் காரணம் எனக் காலனிய அதிகாரிகள் விளக்கினர். அவ்விளக்கம் காரணமன்று, எடுக்கப்பட்ட முடிவுக்குப் பின்னர்த் தேடப்பட்ட நியாயமே என்பதை இக்கட்டுரை படைப்பிரிவுகளின் எண்ணிக்கை, ஆட்சேர்ப்பு விதிகள், நிலக்கொடை ஆகியவற்றின் வழி நிறுவ முயல்கிறது. ஒரு நாட்டின் படையில் எம்மக்கள் எவ்வளவு இடம்பெறுகின்றனர் என்பது அம்மக்களின் இயல்பைக் காட்டிலும் அரசின் அச்சத்தையும் தேவையையுமே காட்டுகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: சென்னைப் படை, போர்மரபினக் கோட்பாடு, ஆட்சேர்ப்பு, ராபர்ட்ஸ், பீல் ஆணையம், ஈடன் ஆணையம், அம்பேத்கர், பஞ்சாப்.

முன்னுரை

படைவீரர் எந்த ஊரினர், எந்தச் சாதியினர், எந்தச் சமயத்தினர் என்னும் கணக்கு வெறும் புள்ளிவிவரம் அன்று. அரசு யாரிடம் ஆயுதம் கொடுக்கத் துணிந்தது, யாரிடமிருந்து அதனைப் பறித்தது என்பதற்கான சான்று அது. இந்திய வரலாற்றில் இக்கணக்கு தலைகீழாக மாறிய காலம் 1857க்கும் முதல் உலகப்போருக்கும் இடைப்பட்ட அறுபது ஆண்டுகளாகும். இம்மாற்றத்தை விளக்கப் பயன்பட்டதே போர்மரபினக் கோட்பாடு. இந்திய மக்களுள் சில இனத்தார் பிறப்பாலேயே போருக்கு உரியவர், ஏனையோர் உரியவர் அல்லர் என்பது அதன் சாரம்.

இக்கோட்பாட்டைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதனால் பயன்பெற்ற பஞ்சாபை மையமாகக் கொண்டுள்ளன. அதனால் நீக்கப்பட்ட மக்களின் பக்கத்திலிருந்து நோக்கும்போது கோட்பாட்டின் உள்முரண்கள் தெளிவாகத் தெரிகின்றன. அவ்வகையில் சென்னைப் படை தக்க சான்றாகிறது.

சென்னைப் படையின் தோற்றமும் இயைபும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று மாகாணப் படைகளுள் முறையான ஒழுங்கில் முதலில் உருப்பெற்றது சென்னைப் படை. பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த கருநாடகப் போர்களின்போது, 1748க்குப் பின் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இதனைச் சீரமைத்தார். 1758இல் சிதறிக் கிடந்த சிப்பாய்க் குழுக்கள் பட்டாலியன்களாகத் தொகுக்கப்பட்டன. மருதநாயகம் என அறியப்படும் யூசுப்கான் கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தளபதியாக உயர்ந்ததும், பின்னர்க் கிளர்ந்தெழுந்து 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டதும் இத்தொடக்கக் காலத்து நிகழ்வுகளாகும்.

தமிழர், தெலுங்கர், தென்னக முஸ்லிம்கள், பறையர், கிறித்தவர் எனப் பலரும் இப்படையில் இருந்தனர். வங்காளப் படையில் அயோத்தி, பீகார்ப் பகுதிகளைச் சேர்ந்த பிராமணரும் இராசபுத்திரரும் மேலோங்கியிருந்தனர். சென்னைப் படையில் அத்தகைய ஒற்றைச் சாதி மேலாதிக்கம் இல்லை. கடல் கடப்பதும் இங்குப் பெருந்தடையாகக் கருதப்படவில்லை. 1762இல் மணிலாவுக்கும், 1824இல் தொடங்கிய முதல் பர்மியப் போருக்கும், 1840களின் சீனப் போருக்கும் சென்னைச் சிப்பாய்கள் சென்றனர்.

இப்படை எப்போதும் அடங்கியிருந்ததும் இல்லை. புதிய தலைப்பாகை, தாடி மழிப்பு, சமயக் குறிகளுக்குத் தடை ஆகியவற்றை எதிர்த்து 1806 சூலை 10இல் வேலூர்க் கோட்டையில் எழுந்த கிளர்ச்சி வடநாட்டு எழுச்சிக்கு அரை நூற்றாண்டு முந்தியது. ஆயினும் 1857இல் வங்காளப் படையின் பெரும்பகுதி எழுந்தபோது சென்னைக் காலாட்படை எழவில்லை. வங்காளம் செல்ல மறுத்த 8ஆம் சென்னைக் குதிரைப்படை கலைக்கப்பட்டது குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. அப்போது சென்னைக் காலாட்படையில் 52 படைப்பிரிவுகள் இருந்தன.

ஆணையங்களும் அச்சமும்

எழுச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட பீல் ஆணையம் 1859இல் தன் அறிக்கையை அளித்தது. ஐரோப்பிய வீரருக்கும் இந்திய வீரருக்கும் இடையிலான விகிதம் வங்காளத்தில் 1:2க்கும், சென்னை, பம்பாய் மாகாணங்களில் 1:3க்கும் மிகாதிருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. படைப்பிரிவுகளில் பல சாதியினரையும் இனத்தாரையும் கலந்து சேர்க்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. இங்கே ‘வீரம்’ அளவுகோலாக இல்லை. எந்த ஒரு குழுவும் தனித்து வலிமை பெறாமல் பார்த்துக்கொள்வதே நோக்கம்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் 1879இல் அமைந்த ஈடன் ஆணையம் ஒரு குழுவை மற்றொரு குழுவால் சமன்செய்யும் கொள்கையை மேலும் வலியுறுத்தியது. இதற்கிடையில் அரசின் கவலை உள்நாட்டுக் கிளர்ச்சியிலிருந்து வடமேற்கு எல்லைக்கு மாறியது. நடு ஆசியாவில் உருசியப் பேரரசு முன்னேறிவந்தது. வருங்காலப் போர் ஆப்கானிய மலைகளில் நிகழும் என எதிர்பார்க்கப்பட்டது. எனவே எல்லைக்கு அருகில் இருந்தவரும் குளிர்நிலத்துக்குப் பழகியவரும், 1857இல் அரசின் பக்கம் நின்றவருமான பஞ்சாபியர் தகுதியுடையவராகத் தோன்றினர்.

இந்தப் போர்த்திட்டத் தேவைக்கு இனக்கொள்கை வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் பிரடெரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், 1885 முதல் 1893 வரை இந்தியா முழுமைக்குமான தலைமைத் தளபதியாகவும் அவர் பணியாற்றினார். தென்னாட்டில் நீண்ட காலம் நிலவிய அமைதி அங்குள்ள சிப்பாய்களின் போர்க்குணத்தை அழித்துவிட்டது என்பது அவர் முடிபு. 1897இல் வெளிவந்த அவரது தன்வரலாறு இக்கருத்தைப் பரவலாக்கியது. 1885இல் தொடங்கிய மூன்றாம் பர்மியப் போரில் சென்னைப் பிரிவுகளின் செயல்பாட்டின்மீது எழுந்த குறைகூறல்களும் இம்முடிபுக்குத் துணையாயின.

எண்கள் காட்டும் மாற்றம்

1912ஆம் ஆண்டின் படைக்குழுவோடு தொடர்புடைய கணக்குகளில் ஆட்சேர்ப்புப் பகுதிவாரியாகக் காலாட்படைப் பட்டாலியன்களின் எண்ணிக்கை பின்வருமாறு அமைகிறது:

| பகுதி | 1862 | 1885 | 1892 | 1914 |
|---|---|---|---|---|
| நேபாளம் | 5 | 13 | 15 | 20 |
| இந்துஸ்தானம் | 28 | 20 | 15 | 15 |
| பஞ்சாபும் எல்லைப்புறமும் | 28 | 31 | 34 | 57 |
| பம்பாய் | 30 | 26 | 26 | 18 |
| சென்னை | 40 | 32 | 25 | 11 |
| மொத்தம் | 131 | 122 | 115 | 121 |

இவ்வட்டவணையில் மூன்று செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, படையின் மொத்த அளவு பெரிதாக மாறவில்லை. ஆகவே சென்னையின் வீழ்ச்சி சிக்கன நடவடிக்கையின் விளைவு மட்டும் அன்று; ஓரிடத்தில் குறைக்கப்பட்டது வேறிடத்தில் கூட்டப்பட்டது. இரண்டாவது, 1862இல் நூற்றுக்கு 30 ஆக இருந்த சென்னையின் பங்கு 1914இல் 9 ஆயிற்று. அதே காலத்தில் பஞ்சாபும் எல்லைப்புறமும் 21இலிருந்து 47க்கு உயர்ந்தன. மூன்றாவது, பெரிய மாற்றம் 1892க்குப் பின்னரே நிகழ்ந்தது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் பஞ்சாபின் பட்டாலியன்கள் 34இலிருந்து 57 ஆயின. மாகாணப் படைகள் 1895இல் ஒழிக்கப்பட்டு ஒரே இந்தியப் படையின்கீழ் நான்கு ஆணைப்பகுதிகள் அமைந்தமை இம்மாற்றத்தை எளிதாக்கியது. சென்னைக்கெனத் தனிப்படை இல்லாதபோது சென்னையின் ஆட்சேர்ப்புக்காக வாதிடும் நிறுவனமும் இல்லாமற்போயிற்று.

பெயர் நிலைக்க மக்கள் மாறியமை

பல சென்னைப் பிரிவுகள் கலைக்கப்படாமலே சென்னைக்குரியவை அல்லாதவை ஆயின. 10ஆம் சென்னைக் காலாட்படை 1890களில் பர்மாவுக்குரிய பிரிவாக மாற்றப்பட்டு, அதில் கூர்க்கர் சேர்க்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 10ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் எனப் பெயர் பெற்றது. 1903இல் கிச்சனரின் சீரமைப்பில் சென்னைப் பிரிவுகளின் பழைய எண்ணோடு 60 கூட்டிப் புதிய எண் வழங்கப்பட்டது. அவ்வாறு 2ஆம் சென்னைக் காலாட்படை 62ஆம் பஞ்சாபியர் பிரிவாகவும், 16ஆம் சென்னைக் காலாட்படை 76ஆம் பஞ்சாபியர் பிரிவாகவும் மாறின.

62ஆம் பிரிவின் வரலாறு குறிப்பிடத்தக்கது. 1759இல் கடற்கரைச் சிப்பாய்களின் 3ஆம் பட்டாலியனாகச் சென்னை அரசின்கீழ்த் தொடங்கிய அது, 1922இல் 1ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் ஆயிற்று. 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குச் சென்றது. தென்னாட்டுச் சிப்பாய்கள் ஈட்டிய போர்ச்சிறப்புகள் அதன் கொடியில் நிலைத்தன. சிப்பாய்களின் வழித்தோன்றல்களுக்கு அதில் இடமில்லை. போர்க்குணம் இரத்தத்தில் வருவது எனக் கூறிய நிர்வாகமே, ஒரு மக்களின் போர்ப்புகழை மற்றொரு மக்களுக்கு எண்மாற்றத்தால் வழங்கியது.

தன்னைத்தானே மெய்ப்பிக்கும் கோட்பாடு

ராபர்ட்ஸின் வாதம் இயல்பை அன்று, பழக்கத்தையே அடிப்படையாகக் கொண்டது. அமைதியால் போர்க்குணம் அழியுமாயின், போரால் அது மீளவும் கூடும். ஆனால் நடைமுறையில் இவ்வாய்ப்பு மறுக்கப்பட்டது. எல்லைப் போர்களுக்குச் சென்னைப் பிரிவுகள் அரிதாகவே அனுப்பப்பட்டன. அனுபவம் இன்மையால் அவை தகுதியற்றவை எனப்பட்டன. தகுதியற்றவை எனப்பட்டமையால் அனுபவம் பெறவில்லை. முன்னேற்றம் விரும்பிய ஆங்கில அலுவலரும் சென்னைப் பிரிவுகளைத் தவிர்த்தனர்.

பஞ்சாபில் இதற்கு நேர்மாறான சுழற்சி இயங்கியது. சிப்பாயின் மாதச் சம்பளம் 1895இல்தான் 7 ரூபாயிலிருந்து 9 ரூபாயாக உயர்ந்தது. இச்சம்பளத்தைவிடப் பெரிய ஈர்ப்பு நிலம். 1890கள் முதல் விரிந்த கால்வாய்க் குடியேற்றங்களில் படைவீரர் குடும்பங்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், படைக்கு ஆள் அளித்த உழுகுடிகளின் நிலம் வட்டிக்கடைக்காரரிடம் செல்லாமல் காத்தது. படையில் சேர்வது குடும்பத்தின் பொருளியல் உத்தியாயிற்று. இவ்வாறு அரசு வளர்த்த வழக்கத்தை அரசே இனத்தின் இயல்பு என எழுதியது. ஒவ்வொரு சாதியின் உடல், குணம், உணவு, விசுவாசம் ஆகியவற்றை விவரிக்கும் ஆட்சேர்ப்புக் கையேடுகள் அவ்வெழுத்தின் வடிவங்கள்.

இதே அரசு வேறிடங்களில் வேறு பெயரிட்டது. பாளையக்காரர் போர்களின் முடிவில், 1801 டிசம்பரில் வெளியான சென்னை ஆளுநரின் அறிவிப்பு தென்மாவட்ட மக்களின் ஆயுதங்களை ஒப்படைக்கக் கட்டளையிட்டது. 1911ஆம் ஆண்டின் குற்றப்பழங்குடியினர் சட்டம் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்மீது பின்னர் ஏவப்பட்டது. விரல்ரேகைப் பதிவை எதிர்த்தோர்மீது 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஜீலம் மாவட்டத்தில் ‘போர்மரபு’ எனப்பட்ட ஆயுதப் பழக்கம் மதுரை மாவட்டத்தில் ‘குற்றமரபு’ எனப்பட்டது. இரண்டும் பிறப்பை அடிப்படையாகக் கொண்ட ஒரே வகைப்பாட்டு முறையின் இரு முனைகள்.

ஒடுக்கப்பட்டோர் இழந்தவை

படைப்பணி ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குச் சம்பளத்தோடு எழுத்தறிவு, ஓய்வூதியம், சீருடை தரும் மதிப்பு ஆகியவற்றையும் அளித்தது. பம்பாய்ப் படையில் மகார்களின் சேர்ப்பு 1890களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டபோது அவர்கள் இழந்தவை இவையே. கோபால் பாபா வலங்கர் 1894இலும், சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இலும் இதனை எதிர்த்து விண்ணப்பித்தனர். 1917இல் 111ஆம் மகார் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. போர்த்தேவை தீர்ந்ததும் 1921இல் கலைக்கப்பட்டது.

சென்னையில் பறையர் முதலானோர்க்கு எஞ்சிய முதன்மையான வாயில் பெங்களூரை மையமாகக் கொண்ட சென்னைச் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படை. 1780இல் தோன்றிய இது, காலாட்படை சுருங்கிய காலத்திலும் நிலைத்தது. பாலம் அமைத்தல், கண்ணி அகற்றல், அரண் தகர்த்தல் ஆகியன எதிரியின் குண்டு விழும் இடத்தில் செய்யப்படும் பணிகள். அப்பணிக்கு ஏற்றவராகத் தென்னாட்டாரைக் கொண்ட அரசு, துப்பாக்கி ஏந்தி நிற்பதற்கு அவர்கள் ஏற்றவர் அல்லர் எனக் கருதியது. இம்முரணைக் கோட்பாட்டாளர் எவரும் தீர்க்கவில்லை.

இரு உலகப்போர்களும் ஒரு மறுப்பும்

முதல் உலகப்போரில் பஞ்சாப் ஏறத்தாழ 3,50,000 போர்வீரரையும், சென்னை ஏறத்தாழ 51,000 போர்வீரரையும் அளித்தன. தேவை எழுந்தபோது ஆள் கிடைத்தனர் என்பதற்கு இரண்டாம் எண்ணே சான்று. போர் முடிந்தபின் பழைய நிலை திரும்பியது. 1922இல் அமைந்த 3ஆம் சென்னை ரெஜிமெண்ட் 1928க்குள் முழுமையாகக் கலைக்கப்பட்டது. சைமன் ஆணையம் 1930இல் வெளியிட்ட கணக்கின்படி மொத்தம் 1,58,200 போர்வீரருள் பஞ்சாபியர் 86,000 பேர். நேபாளத்தார் 19,000 பேர். சென்னையார் 4,000 பேர். வங்காளத்தார் எவரும் இலர். அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை பஞ்சாப் மாகாணத்தின் மக்கள்தொகையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

இக்கணக்கை அரசியல் ஆய்வுக்கு உட்படுத்தியவர் அம்பேத்கர். 1940இல் வெளிவந்த பாகிஸ்தான் பற்றிய தம் நூலில், 1857க்கு முன் வடகிழக்கிலிருந்தும் அதற்குப் பின் வடமேற்கிலிருந்தும் படை திரட்டப்பட்டதை எடுத்துக்காட்டி, போர்மரபு என்பது அண்மைக்காலப் புனைவு என்று அவர் மறுத்தார். எழுச்சியை ஒடுக்க உதவியோர்க்கு இடம் அளிக்கப்பட்டதே உண்மைக் காரணம் என்பது அவர் வாதம். 1930க்குப் பிந்தைய சமயவாரிக் கணக்கை வெளியிட அரசு மறுத்ததையும் அவர் சுட்டினார்.

இரண்டாம் உலகப்போரில் கோட்பாடு நடைமுறையில் தளர்ந்தது. இரண்டு இலட்சம் அளவில் இருந்த படை இருபத்தைந்து இலட்சமாகப் பெருகியபோது பஞ்சாபால் மட்டும் அதனை நிரப்ப இயலவில்லை. 1941இல் சென்னை ரெஜிமெண்டும் மகார் ரெஜிமெண்டும் தோற்றுவிக்கப்பட்டன. சென்னை மாகாணத்திலிருந்து பல இலட்சம் பேர் சேர்ந்தனர். காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த, சென்னைச் சாப்பர்ஸ் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 சூன் 24இல் இத்தாலியின் மிக்னானோவில் வெடிக்கவிருந்த கண்ணியின்மீது தாமே விழுந்து உடனிருந்தோரைக் காத்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது.

1947க்குப் பின்

இந்திய அரசு 1949இல் வகுப்புவாரி ஆட்சேர்ப்பைக் கொள்கை அளவில் கைவிட்டது. ஆயினும் சீக்கியர், தோக்ரா, கூர்க்கா முதலிய பெயர்களைத் தாங்கிய காலாட்படைப் பிரிவுகளின் இயைபு பெரும்பாலும் தொடர்ந்தது. வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை ரெஜிமெண்ட் தென்மாநிலத்தார் பலரையும் கலந்து சேர்த்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டமே அனைத்திந்திய, அனைத்து வகுப்புச் சேர்ப்பை நோக்கிப் படிப்படியாக நகர்வதை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. சச்சார் குழு 2006இல் படையின் சமயவாரிக் கணக்கைக் கேட்டபோது எழுந்த எதிர்ப்பு, அம்பேத்கர் சுட்டிய மௌனம் விடுதலைக்குப் பின்னும் நீடிப்பதைக் காட்டுகிறது.

பாகிஸ்தானில் விளைவு இன்னும் கடுமையாக இருந்தது. சைமன் ஆணையக் கணக்கில் இடமே பெறாத வங்காளத்தார் புதிய நாட்டின் மக்கள்தொகையில் பெரும்பான்மையினர். படையிலோ மிகச் சிறுபான்மையினர். 1966இல் முஜிபுர் ரகுமான் முன்வைத்த ஆறு அம்சக் கோரிக்கையின் இறுதி அம்சம் கிழக்குப் பகுதிக்கெனத் தனி ஆயுதப்படை வேண்டும் என்பது. ஐந்து ஆண்டுகளில் அந்நாடு பிளந்தது. பிளவுக்குக் காரணங்கள் பலவாயினும், காலனிய ஆட்சேர்ப்புக் கணக்கு அவற்றுள் ஒன்று.

முடிவுரை

சென்னைப் படையின் சுருக்கம் தென்னாட்டாரின் குணமாற்றத்தால் நேர்ந்ததன்று. 1857இன் அச்சமும், உருசியாவை நோக்கிய போர்த்திட்டமும், பஞ்சாபில் நிலத்தால் வளர்க்கப்பட்ட விசுவாசமும் அதனை உருவாக்கின. இனக்கோட்பாடு இவற்றுக்குப் பின்வந்த விளக்கம்.

இம்முடிபு தமிழாய்வுக்கும் ஓர் எச்சரிக்கை தருகிறது. காலனியக் கூற்றை மறுக்கும் ஆர்வத்தில், புறத்திணைச் செய்திகளையும் நடுகற்களையும் சான்றாக்கித் தமிழரையும் அவருள் சில சாதியினரையும் ‘உண்மையான போர்மரபினர்’ என நிறுவ முற்படும் போக்கு உண்டு. அது பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கிறதேயன்றிப் பட்டியலைக் கேள்விக்கு உட்படுத்துவதில்லை. பிறப்பால் வீரம் அமையும் என ஏற்றுக்கொண்டால், பிறப்பால் குற்றம் அமையும் என்பதையும் மறுக்க இயலாது. பறையரும் மகாரும் நீக்கப்பட்டதற்கும் அதுவே நியாயமாகிவிடும். எனவே ஆய்வாளர் எழுப்ப வேண்டிய வினா எம்மக்கள் வீரர் என்பதன்று. எக்காலத்தில், எந்தத் தேவைக்காக, யாரை அரசு வீரர் என எழுதியது என்பதே.